ஒன்பது புள்ளி வைத்த ஒரே வரி

ஆகஸ்ட் 9, புதன்

காலையில் எழுந்து, குளித்து, அம்மா ஊற்றிக்கொடுத்த காப்பியைக் குடித்து, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, சிக்னலில் நின்று, ஆபீஸ் போய்ச் சேர்ந்து, பையை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால் ஃபர்ஹானா இந்த நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன மாத்தினீங்க, எதுக்கு மாத்தினீங்கன்னு தினமும் இதுல எழுதி வைங்க, திருமூர்த்தி. ஒண்ணொண்ணாத் தனித்தனியா எழுதணும்."

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தலைவி. என்னைவிட மூன்று வயது சின்னவள். இந்தக் கம்பெனியில் முதல் ஆளாகச் சேர்ந்தவன் நான் என்பதை அவளுக்கு நாலைந்து முறை ஞாபகப்படுத்தியிருக்கிறேன். பலனில்லை.

கோவையைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் மென்பொருள் எங்களுடையது. முகூர்த்தத்தன்று விடிகாலையில் ஊர் ஊராகப் போய் உறவுக்காரர்களை ஏற்றிவர வேண்டும். எந்த வேன் யார் வீட்டுக்கு என்று பிரித்து ஓட்டுநருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இத்தனையும் ஒரே வரியில் நடக்கிறது. அந்த வரி என்னுடையது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

விருந்தாளி.வீடு.குடும்பத்தலைவர்.கைபேசி.பகுதி.வண்டி.ஓட்டுநர்.செய்தி.அனுப்பு.இல்லாவிட்டால்விடு

ஒரு புள்ளி தருவதை அடுத்த புள்ளி வாங்கிக்கொள்ளும். மொத்தம் ஒன்பது புள்ளி. கடைசியில் இருப்பது நான் சேர்த்த வால். வழியில் எங்கேயாவது காலியாக வந்தால் சத்தம் போடாமல் அடுத்த விருந்தாளிக்குப் போய்விடும். கம்பெனியின் முதல் ஆண்டு விழாவில் இந்த வரியை ஒரு பனியனில் அச்சடித்துப் பரிசாகக் கொடுத்தார்கள். இடது கக்கத்தில் ஆரம்பித்து, நெஞ்சைத் தாண்டி, வலது பக்கமாகத் திரும்பி, முதுகில் போய் முடியும். முழுசாகப் படிக்க வேண்டுமானால் என்னைச் சுற்றி வர வேண்டும். இன்றைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். ஃபர்ஹானா சுற்றி வரவில்லை.

பிரச்சினை இதுதான். ஆனி மாதம் ஒரு கல்யாணத்தில் பதினொரு பேருக்கு வண்டியே வரவில்லையாம். வருகிற 25ஆம் தேதி அதே மண்டபத்தில் பெரிய கல்யாணம், அறுநூறு பேருக்கு மேல். இன்னொரு தடவை ஒரே ஒரு ஆள் விட்டுப்போனாலும் நம்முடைய சங்காத்தமே வேண்டாம் என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டாராம்.

அந்தப் பதினொரு பேர் தூங்கியிருப்பார்கள். பிழை ஒன்றும் வரவில்லையே.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அம்மா ஓசூருக்குப் போய்விட்டாள். தங்கை கோகிலாவுக்கு இரண்டாவது பிரசவம். வர இருபது நாள் ஆகுமாம். பஸ்ஸில் ஏறும்போது, "நீங்க ரெண்டு பேரும் எப்படித்தான் இருப்பீங்களோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வளர்ந்த ஆண்கள் இருவர் ஒரு வீட்டில் இருப்பதில் என்ன கஷ்டம்?

அப்பாவும் நானும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. அது பெரிய விஷயமில்லை. அவர் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார், அம்மா என்னிடம் சொல்வாள், என் பதில் அதே வழியில் திரும்பிப் போகும். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டே இதைச் செய்வோம். ஒரு நாளும் தடைப்பட்டதில்லை.

ஆகஸ்ட் 12, சனி

நான் ரசம் வைத்தேன். அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, போனை எடுத்து, எண்ணைத் தேடி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓசூருக்குப் பேசினார். அவர் வைத்த கையோடு என் போன் அடித்தது.

"கண்ணு, ரசத்துல உப்பு இல்லைன்னு உங்கப்பா சொல்றாரு."

"உப்பு டப்பா அவரு முழங்கைக்குப் பக்கத்துலயே இருக்குதுன்னு சொல்லும்மா."

அவர் போன் அடித்தது. கேட்டார். முழங்கைப் பக்கம் பார்த்தார். போட்டுக்கொண்டார். ஏற்பாடு பழுதில்லாமல் வேலை செய்கிறது. ரசம்தான் ஆறிப்போய்விட்டது.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஃபர்ஹானா பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள்: ஒரு வரிக்கு ஒரு வேலை. எழுத்தைப் பார்த்தாலே பள்ளிக்கூட வாசனை.

"உங்க வரி நடுவுல எங்க நின்னுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"நிக்காது."

"நின்னா?"

"நின்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"அந்த ஆள்?"

அந்த ஆளைப் பற்றி நான் யோசித்ததில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். கூட்டமான டவுன் பஸ்ஸில் பின்னால் நிற்பவர் கொடுக்கும் காசு ஏழு கை மாறி முன்னால் போகிறது, டிக்கெட் ஏழு கை மாறி அவரிடமே திரும்பி வருகிறது. யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. என் அப்பா இருபத்தெட்டு வருடம் கண்டக்டர், எனக்குத் தெரியாதா என்றேன்.

"உங்கப்பாவும் அப்படித்தான் டிக்கெட் கொடுப்பாரா?"

இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒவ்வொரு சீட்டாகப் போய் நிற்பார். அதனால் அவர் பஸ் எப்போதும் லேட். ஆனால் அது அவளுக்குத் தேவையில்லாத விஷயம்.

வரியைப் பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். 21ஆம் தேதி வரை அவகாசம் கொடுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. துணி துவைத்தேன். அப்பாவும் துவைத்தார். கொடியில் பாதி எனக்கு, பாதி அவருக்கு. நடுவில் ஒரு கிளிப்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கோகிலாவுக்குப் பெண் குழந்தை, காலை ஏழு பத்துக்கு. இருவரும் நலம். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அழுதேன்.

இனி எழுதப்போவது அவ்வளவு முக்கியமில்லை.

எங்கள் வீட்டுக் குளியலறை கொல்லைப் பக்கம் தனியாக இருக்கிறது. கதவை வேகமாகச் சாத்தினால் வெளிக்கொக்கி தானாக விழுந்துவிடும். அப்பா எட்டு மணிக்கு உள்ளே போனார். கொக்கி விழுந்துவிட்டது. நான் பத்தடி தள்ளி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். கதவு மூன்று தடவை தட்டப்பட்டது, பிறகு நின்றுவிட்டது. தட்டுவதும் ஒரு விதத்தில் பேசுவதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து அவர் அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். அம்மாவின் போன் கோகிலாவின் மூத்த பையனிடம் இருந்திருக்கிறது, அவன் அதில் மாடு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து மாப்பிள்ளை நவநீதனுக்கு. அவர் மருந்து வாங்கப் போய்விட்டார். அடுத்து நவநீதனின் அம்மாவுக்கு. அந்த அம்மா விஷயத்தைக் கேட்டுப் பதறி, எங்கள் பக்கத்து வீட்டு ஜான்சி டீச்சரின் எண்ணை எங்கேயோ தேடிப் பிடித்து, அவருக்குச் சொல்லி, டீச்சர் பாதி வாரிய தலையோடு எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"திரு, உங்கப்பா பாத்ரூம்ல மாட்டிட்டிருக்காராம். ஓசூர்லருந்து சொன்னாங்க."

நான் கொக்கியை எடுத்துவிட்டேன். அப்பா ஈரத் துண்டோடு வெளியே வந்து, டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். மணி ஒன்பது பத்து.

உள்ளே யாரோ இருமுகிறார்கள் என்று எனக்குக் கேட்டது உண்மை. ஆனால் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 18, வெள்ளி

டீச்சர் சாம்பார் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார். "அப்படி என்னதான் நடந்துச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், என் பக்கம் தப்பில்லை என்று தெரிய வேண்டும்.

கோகிலாவின் கல்யாணத்துக்கு வண்டி ஏற்பாடு என் பொறுப்பு. அப்போதுதான் அந்த வரியை எழுதி முடித்திருந்தேன். முதல் ஓட்டமே தங்கை கல்யாணம். இருநூற்றுப் பதினாறு பேர். எல்லாரும் வந்தார்கள், தெய்வானை அத்தை மட்டும் வரவில்லை. அப்பாவின் ஒரே தங்கை. நம்பியூரில் தனியாக இருக்கிறார். அப்பா நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுத்தான் வந்தார். "நால்ரோட்ல நில்லு, வெடியால நாலு மணிக்கு வண்டி வரும்" என்று சொல்லியிருந்தார்.

முகூர்த்தம் முடிந்து அப்பா போன் செய்தபோது, வண்டி வரவேயில்லை என்றார் அத்தை. வண்டி அனுப்பினாயா என்று மண்டபத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார் அப்பா. எல்லாருக்கும் போயிருக்கிறது, பிழை ஒன்றும் வரவில்லை, அத்தைதான் நால்ரோட்டில் நின்றிருக்க மாட்டார் என்றேன். "என்ற தங்கச்சி பொய் சொல்றாளா?" என்றார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றேன். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அந்தக் கேள்விதான். அத்தை அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போன் செய்தாலும் எடுப்பதில்லை.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தைக்கு வீட்டுக்காரர் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். மாமா இறந்து ஆறு வருடம் ஆகிறது, கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்னால் போனார் என்றேன். "ஓ" என்று சாம்பார்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஓவில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

தோற்றுவிட்டேன். வரியைப் பிரித்தேன். என் கைவிரலை நானே நறுக்குவது போல இருந்தது.

முதலில் விருந்தாளியை எடு. பெயர் வை. இருக்கிறாரா என்று பார். அடுத்த வரி: அவர் வீட்டை எடு. பெயர் வை. இருக்கிறதா என்று பார். அடுத்த வரி: குடும்பத்தலைவர். இப்படியே போகிறது. காலியாக வந்தால் அந்த இடத்திலேயே நின்று, யார், எந்த ஊர், எது இல்லை என்று கத்த வேண்டும். வாலை வெட்டிவிட்டோம். ஒரு வரி முப்பத்தொரு வரியாகிவிட்டது. படிக்க மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது, ஒரு அழகும் இல்லை.

"எனக்குப் புரியுது" என்றாள் ஃபர்ஹானா. முதல்முறையாக எதையோ பாராட்டுகிற குரலில்.

"எல்லாருக்கும் புரிஞ்சா அதுல என்னங்க இருக்கு?"

அவள் சிரித்தாள். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

புதிய வரிகளை எல்லாப் பழைய கல்யாணங்களின் மேலும் ஓட்டிப் பார்த்தோம். ஓட்டிய நிமிடத்திலிருந்து அது கத்தத் தொடங்கியது. இருநூற்று எட்டுப் பெயர்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். குடும்பத்தலைவர்: காலி.

புருஷன் போன பெண்கள். தனியாக இருக்கும் கிழவர்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் நாலு பெண்கள். இவர்களுக்கெல்லாம் கைபேசி இருந்தது. வீட்டு விலாசம் இருந்தது. என் வரி குடும்பத்தலைவரைத் தாண்டித்தான் கைபேசிக்குப் போகும்.

பட்டியல் தேதி வரிசையில் இருந்தது. முதல் பெயரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை. அப்பா மூன்று, நான் ஒன்று.

ஆகஸ்ட் 23, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். முதல் பெயர்: தெய்வானை, நம்பியூர். குடும்பத்தலைவர்: காலி.

அத்தை பொய் சொல்லவில்லை. நால்ரோட்டில் நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றார் என்பதை இந்த முப்பத்தொரு வரியும் சொல்லாது.

மதியம் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அம்மா, "சரி கண்ணு, அப்பாகிட்டச் சொல்லீர்றேன்" என்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சொன்னியாம்மா?"

"கொளந்தையக் குளிக்க வார்த்துட்டிருந்தேன். மாப்பிள்ளைகிட்டச் சொல்லச் சொன்னேனே."

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "எனக்கு டூட்டிங்க. அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போனேன்."

மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டேன். "ஓ, சொல்லியாச்சே தம்பி. திரு நல்லா இருக்கானாம், கவலைப்பட வேண்டாம்னு சொன்னேன். சந்தோசப்பட்டாரு."

எல்லாரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள். பிழை ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

காலை ஆறே முக்கால். அப்பா முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போய் முன்னால் நின்றேன். அவர் போனை எடுக்கக் கை நீட்டினார். நான் அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வந்தது.

"அத்தைக்கு வண்டி போகலை. அத்தை பொய் சொல்லலை. தப்பு என்னுது. நாலு வருசமா எனக்கே தெரியலை. மன்னிச்சிருங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். பேப்பரை நான்காக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். எழுந்து உள்ளே போய், நம்பியூருக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாளைக்கு ஆபீசில் அந்தப் பெரிய கல்யாணம் இருக்கிறது, அதுவரை என்னால் நகர முடியாது என்றேன். சட்டையைக் கழற்றினார்.

"சனிக்கெழம போலாம்" என்றார்.

நான்கு வருடம் கழித்து அப்பா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை ஒரு கிழமை. அதற்காக ஆபீஸ் போகும் வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி அழுதேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

அறுநூற்றுப் பதினான்கு பேர். ஐந்து இடத்தில் நின்றது. ஐந்து தடவையும் யார், எந்த ஊர், எது இல்லை என்று சொல்லிவிட்டு நின்றது. ஐந்து பேருக்கும் நானே போன் செய்தேன். ஐவரும் பந்தியில் உட்கார்ந்திருந்ததாக மண்டபக்காரர் சொன்னார்.

"பனியன் எங்க?" என்று கேட்டாள் ஃபர்ஹானா. அப்பா இப்போது அதை வைத்துத்தான் ஸ்கூட்டரைத் துடைக்கிறார், நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்றேன்.

ஆகஸ்ட் 26, சனி

நம்பியூர். நால்ரோட்டைத் தாண்டும்போது அப்பா என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். ஒரு நிமிடம் அந்த இடத்தைப் பார்த்தோம். பேக்கரி, பூக்கடை, ஒரு வேப்பமரம். உட்கார ஒரு கல்கூட இல்லை.

அத்தை கதவைத் திறந்தார். நான்கு வருடத்தில் தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்பா படிக்குக் கீழே நின்றார். அத்தை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். வரி, புள்ளி, கம்ப்யூட்டர் எதையும் விடவில்லை. அத்தை கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு நாலு மணிக்குப் போய் நின்னேன். கோகிலாளுக்குச் சீலையும் பூவும் தட்டுல வெச்சுக் கையிலயே புடிச்சுட்டு நின்னேன், போன ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். ஒம்பது மணிக்கு முகூர்த்தம் முடிஞ்சிருக்கும்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறந்தான் திரும்பி வந்தேன். தாலியறுத்தவ எதுக்கு வரணும்னு அண்ணன் உட்டுட்டாருன்னு நெனச்சேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப உன்ற கம்ப்யூட்டரு என்னதான் பண்ணுச்சு?" என்று அத்தை என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு வண்டி அனுப்ப மாமாவத் தேடுச்சுங் அத்தை."

அத்தைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அவர நானும்தான் தேடறேன்" என்றார். "எனக்கு வண்டி வேணும்னா என்னையக் கேக்க வேண்டியதுதானே கண்ணு."

முப்பத்தொரு வரியில் நான் கற்றது அந்த ஒரு வரிதான். அதை எழுத எனக்கு நான்கு வருடமும் ஃபர்ஹானாவும் தேவைப்பட்டார்கள்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தார். என்னைப் பார்த்தே சொன்னார்.

"உள்ள வரச்சொல்லு உங்கப்பன."

அப்பா அவருக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறார். நான் அவர் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டேன்.

"நான் சொல்ல மாட்டேனுங் அத்தை. அவரு இங்கதான நிக்கறாரு. நீங்களே சொல்லுங்க."

இருவருக்கும் கோபம் வந்தது. இருவரும் ஒரே மாதிரி முறைத்தார்கள், ஒரே மூக்கு. நான் போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வாங்ணா" என்றார் அத்தை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

குழந்தையைப் பார்க்க ஓசூர். வாடகைக் கார், நானே ஓட்டினேன். நம்பியூர் நால்ரோட்டில் விடிகாலை நாலரைக்கு வருகிறேன் என்று அத்தையிடமே போனில் சொல்லியிருந்தேன். நாலேகாலுக்குப் போய்விட்டேன். அத்தை அதற்கு முன்னாலேயே வந்து தட்டோடு நின்றிருந்தார். தட்டில் அந்தப் பழைய சீலை, பிரிக்காத மடிப்போடு.

அப்பா முன் சீட்டில். சேலம் தாண்டி, தொப்பூர் கணவாய் தாண்டி, கிருஷ்ணகிரி வரைக்கும் நான் ஓட்டுகிற லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். கியர் மாற்றத் தெரியவில்லை. ஹாரன் அடிக்கத் தெரியவில்லை. இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது. அம்மாவிடம் சொல்லி அனுப்பவில்லை. என் முகத்தைப் பார்த்து, என்னிடமே திட்டினார்.

வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் மோசமாக ஓட்டினேன்.